ஏழும் எட்டும்

மாங்குளம் சந்திக்கு வடக்கே, ஏ-ஒன்பதின் ஓரம்
தகரக் கூரை, சீமெந்து நிலம், இருமுகிற கம்ப்ரசர்.
யேசுரட்ணத்தின் அக்வா தள்ளித்தான் வந்தது.
டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம்.
பின் சீற்றில் இராசமலர்,
வவுனியாவில் இரத்தம் சுத்திகரித்துத் திரும்பும் வழி,
மடியில் மருந்தும் விசுக்கோத்தும்.

"கொழும்பில கேட்டனான்.
பற்றரி முழுக்க மாத்தவேணுமாம். நாலு லட்சம்."
மனிசியின் கழுத்தை நினைத்துக்கொண்டுதான்
அந்தத் தொகையைச் சொன்னான்.

ஸ்கானரைச் செருகினேன்.
திரையில் பத்துப் புளொக்.
எட்டில் கணக்குச் சரி, பதினைந்து தசம் நாலின் அக்கம்பக்கம்.
ஏழாவது மட்டும் பதினொன்று தசம் மூன்று.
"செத்துப்போச்சு" என்றான் யேசுரட்ணம்.
நான் அதற்கு அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டாவது: பத்தொன்பதரை.

பத்தொன்பதரை அந்த வீட்டுக்குள் கொள்ளாது.
கூட்டினேன். முப்பது தசம் எட்டு.
பாதியாக்கினேன். பதினைந்து தசம் நாலு.
வயல் இரண்டும் இருந்தபடிதான்;
நடுவரம்பை யாரோ
இரவோடு இரவாக நகர்த்தியிருக்கிறார்கள்.

இராசமலரை இறக்கிக் கதிரை கொடுத்து
சீற்றைத் தூக்கினேன்.
செம்மஞ்சள் பிளக்கைக் கழற்றி
என் பொக்கற்றில் போட்டேன்,
வேறு யாரும் எடுத்துக் கொழுவாதபடி.
இனிப் பத்து நிமிடம் தொடக்கூடாது.
கப்பாசிற்றரில் தங்கியது வடியவேண்டும்.
தேத்தண்ணி கொடுத்தேன்.
"அரைக் கோப்பை காணும் பிள்ளை. தண்ணி எனக்கு அளவு."

காத்திருக்க எனக்குத் தெரியும்.
ஆறு வருடம் முகமாலையில்
முழந்தாளில் நின்று மண்ணைக் கேட்டவள்.
கருவி கத்திய இடங்களில்
சோடா மூடி, வேலிக் கம்பி,
ஒருமுறை ஒரு காதுத்தோட்டின் சுரை.
கத்தாமல் இருந்த இடத்தில்
ஒருநாள் கலைவாணி.
அதற்குப் பிறகும் அடுத்த காலை
அதே கருவியைத்தான் தூக்கிக்கொண்டு போனோம்,
முதலில் ஒரு தெரிந்த இரும்பின் மேல் பிடித்துப் பார்த்துவிட்டு.
சாட்சிக்கும் கண்ணில் பூ விழும்.

பத்து நிமிடம்.
றப்பர் கையுறை, மல்ரிமீற்றர்.
ஏழு: பதினைந்து தசம் நாலு.
எட்டு: பதினைந்து தசம் நாலு.
யேசுரட்ணம் கிட்ட வந்தான். இன்னொருக்கா பிடி என்றான்.
பிடித்தேன். அதே.

இரண்டுக்கும் நடுவே மெல்லிய உளவு வயர் ஒன்று,
நட்டுக்குக் கீழே பச்சைப் பசேலென்று
செம்பின் களிம்பு.
"மீன் ஏத்தினியோ?"
பேசாமல் நின்றான்.
மாரியில், முல்லைத்தீவிலிருந்து, ஒரேயொரு பெட்டி.
ஐஸ் உருகுமென்று
ஆர் கண்டது?

அரித்ததை வெட்டினேன். புது முனை அழுத்தினேன்.
நட்டை அளந்து இறுக்கினேன், கூடினால் முறியும்.
பிளக்கைக் கொழுவியதும்
பத்து இலக்கங்களும் ஒரே வரிசையில் வந்து நின்றன,
கூப்பன் கடை வாசலில் சனம் நிற்பதுபோல,
கொஞ்சம் முன்பின்னாக.

இராசமலர் எட்டிப் பார்த்தா.
பையிலிருந்து தன் கடதாசியை எடுத்தா.
கிரியாற்றினின், ஒன்பது தசம் இரண்டு.
"பிள்ளை, இதிலயும் ஒரு வயர் பிழைச்சிருக்குமோ?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டா.
என் மீற்றரின் சிவப்பு முனையும் கறுப்பு முனையும்
கையில் தொங்கின.
கடதாசியை வாங்கி, பார்த்து,
மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன்.
யேசுரட்ணம் இரண்டாயிரம் தந்தான்.
"கரண்டியோ?"
"இல்லை. மழைக்கு முன்னம் கொண்டுவா. மீன் ஏத்தாத."
கார் சத்தமே இல்லாமல் பின்னுக்குப் போய்த்
தெருவில் ஏறியது.

வியாழக்கிழமை, விடிய ஐந்தரை.
தெற்கே போகிற ஒரு ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது.
மிச்சம் ஐந்நூறு வரவேண்டும்.
நிற்கவில்லை. நிற்காதது நல்லது.